முதுகில் ஒட்டிய சொல்

உலக நாகரிகம் எழுத்தில்தான் பிறந்தது. ஒரு குழந்தை தன் முதல் எழுத்தைக் கண்ணால் கண்டு, மனத்தால் உணர்ந்து, தனதாக்கிக்கொள்ளும் அந்தக் கணத்தில் மனித குலமே ஒருமுறை மறுபடி பிறக்கிறது. இதைச் சொன்னவன் செல்வராஜ். சொன்ன இடம், சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் ஆராய்ச்சி மையக் குடியிருப்பில் முதல் மாடியில் அவன் வீட்டுக் கூடம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவன் மனைவி ஹரிப்ரியாவும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் ஹெலனும். மனித குலத்தை மறுபடி பெற்றெடுக்க வேண்டிய இரண்டேகால் வயது அனு, அந்த நேரத்தில் 'அ' எழுதிய அட்டையின் ஒரு மூலையைத் தின்று முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போயிருந்தாள்.

"சார், முயுங்கிடப் போவுது" என்று ஹெலன் குழந்தையின் வாயில் விரலை விட்டுத் துழாவினாள். 'அ'வின் வால் மட்டும் வெளியே வந்தது.

செல்வராஜ் கோவில்பட்டிக்காரன். இரும்புக் குழாய்க்குள் ஒலியலையை அனுப்பி எங்காவது விரிசல் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது அவன் உத்தியோகம். உடைக்காமல், அறுக்காமல், வெளியிலிருந்து தட்டியே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடலாம் என்பது அந்தத் தொழிலின் வேதம். பெற்ற மகளையும் அவன் அதே வேதத்தோடுதான் அணுகினான். அவள் பேசும் சொற்களுக்குக் கணினியில் ஒரு வரைபடம் வைத்திருந்தான். ஒரு சொல் அதில் ஏற வேண்டுமானால் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு சாட்சிகளின் முன்னிலையில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இந்த விதிப்படி 'அம்மா' தேறியது. 'அப்பா' சாட்சி போதாமல் நிலுவையில் இருந்தது. எந்தச் சாட்சியும் தேவைப்படாமல், குடியிருப்பே கேட்கும்படி, தினமும் கணக்கில்லாமல் தேறிக்கொண்டிருந்த சொல் ஒன்று உண்டு. அது 'வோணா'.

அது ஹெலனிடமிருந்து வந்த சொல். ஹெலன் சதுரங்கப்பட்டினத்துக்காரி. ஹரிப்ரியா காலையில் சிறுசேரி ஐ.டி. ஆபீஸ் பஸ்ஸைப் பிடித்தால் திரும்பி வருவதற்குள் விளக்கு வைத்துவிடுவார்கள். நடுவில் அனுவுக்குக் கிடைப்பதெல்லாம் ஹெலனின் தமிழ்தான். 'வேண்டாம்' என்று அட்டை எழுதிச் செல்வராஜ் மகளின் முகத்துக்கு நேரே காட்டினான். அனு அதைப் பார்த்துவிட்டு "வோணா" என்றாள். படித்தாளா, மறுத்தாளா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, 'படித்தாள்' என்றே வரைபடத்தில் குறித்துக்கொண்டான்.

இதற்கு அடுத்த கட்டமாகத்தான் 'வீடே புத்தகம்' என்ற திட்டம் வந்தது. வீட்டிலுள்ள பொருள் எதையும் பெயர் ஒட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தான். நான்கு விரல் உயரத்துக்குக் கறுப்பு எழுத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, பின்னால் இரட்டைப் பசை நாடா வைத்து ஒட்டினான். அதுவும் சுத்தத் தமிழில். ஃப்ரிட்ஜ் 'குளிர்பதனப் பெட்டி' ஆனது. சுவிட்ச் 'மின்பொத்தான்' ஆனது. குக்கருக்கு 'அழுத்தக் கொதிகலன்' என்று பெயர் விழுந்ததும் ஹெலன் அதை அடுப்பில் ஏற்றவே தயங்கினாள்.

"இன்னா சார் இது, வூடு முச்சூடும் பேய் ஓட்ற சீட்டு மாரி ஒட்டி வச்சிகீறே? பாத்ரூம்ல கூடவா?"

பாத்ரூமில் கூடத்தான். மாலை ஆபீஸிலிருந்து வந்ததும் தன் சட்டைப் பையின் மேலேயே 'தந்தை' என்று ஒன்றை ஒட்டிக்கொண்டு, மகள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவர்கள் திறந்திருந்த கதவு வழியாக அதைப் பார்த்துவிட்டுக் கீழே போய்ச் சொன்னார்கள்.

கடலோர வீட்டில் பசை நிற்காது. உப்புக் காற்றில் அட்டைகளின் ஓரங்கள் சுருண்டுகொண்டன. சுருண்ட ஓரம் இரண்டு வயதுக் கைக்கு எப்பேர்ப்பட்ட அழைப்பு என்பது குழந்தை பெற்றவர்களுக்குத் தெரியும். அனு ஒவ்வொன்றாக உரித்து, தனக்கு உசிதமான இடத்தில் ஒட்டினாள். 'நாற்காலி' கதவுக்குப் போனது. 'தந்தை' கேஸ் சிலிண்டருக்குப் போனது. குடும்பத்துக்குச் சக்தி தருபவர் யார் என்பதைக் குழந்தை உருவகமாக உணர்ந்திருக்கிறது என்று செல்வராஜ் விளக்கினான். உள்ளே ஒன்றுமில்லாமல் சத்தம் மட்டும் வருவதையும் உணர்ந்திருக்கலாம் என்றாள் ஹரிப்ரியா. சிலிண்டர் அன்று காலிதான்.

ஆக, அனுவுக்குப் படிக்க வருகிறது என்று செல்வராஜ் ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தான். ஆபீஸ் கேன்டீனில் சொன்னான், கோவில்பட்டிக்குப் போன் போட்டுச் சொன்னான், திருக்கழுக்குன்றம் மலையில் படியேறும்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னான்.

இந்தச் செய்தி குடியிருப்பு நலச் சங்கத்தின் காதில் விழுந்ததில்தான் வினை பிடித்தது. சங்கத்தின் தலைவர் பக்தவத்சலம் அப்போதுதான் 'தாய்மொழி வாசிப்பு இயக்கம்' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். ஆராய்ச்சி மையத்தில் செல்வராஜின் பிரிவுக்கும் அவரே தலைவர். அடுத்த மாதம் நடக்கவிருந்த பதவி உயர்வு நேர்காணலில் எதிர்ப்பக்கம் உட்காரப்போகிறவர்களில் ஒருவரும் அவரே. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மேடையேறினால் தாளைப் பார்க்க மாட்டார். தமிழ் அருவிபோலக் கொட்டும். தாய்மொழியில் ஒரு வரி படிக்கத் தெரியாத பிள்ளை தாய் முகம் தெரியாத பிள்ளை என்று அவர் சொல்லும்போது முன்வரிசையில் யாராவது மூக்கைச் சிந்துவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, இயக்கத்தின் முன்மாதிரி வீடு என்று செல்வராஜ் வீட்டைப் பார்வையிட அவர் பரிவாரத்தோடு வந்தார். சங்கச் செயலாளரும் ஆபீஸில் அதே பிரிவில் வேலை பார்ப்பவனுமான சுப்பிரமணி பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கும் மூன்று வயதில் ஷ்யாம் என்று ஒரு பையன் உண்டு. இயக்கம் தரவிருந்த 'மழலை வாசகர்' பரிசு தன் வீட்டுக்கு வரவேண்டும் என்பது அவன் வேண்டுதல். பக்தவத்சலம் ஒவ்வொரு அட்டையின் முன்னும் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அருமை" என்றார். அடுத்ததற்குப் போய், "அருமை" என்றார். கதவில் இருந்த 'நாற்காலி'க்கும் "அருமை"தான். பெரிய மனுஷர்கள் சின்னத் தப்பைக் கண்டுகொள்வதில்லை என்று செல்வராஜ் நெகிழ்ந்து போனான்.

அனுவைக் கூப்பிட்டு ஏதாவது வாசித்துக் காட்டச் சொன்னார்கள். அவள் சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, "வோணா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். காபி குடித்தார்கள். புறப்படும்போது பக்தவத்சலம் வாசலில் குனிந்து செருப்பு மாட்டினார். அந்த அகன்ற வெள்ளை முதுகு அனுவின் உயரத்துக்கு இறங்கி வந்தது. அவள் கையில் அப்போது ஒரு அட்டை இருந்தது. சமையலறை மூலையிலிருந்து உரித்தது.

அதற்குப் பிறகு பக்தவத்சலம் குடியிருப்பின் நடுச்சாலை வழியாகச் சவுக்கு மரங்களைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, கடற்கரைப் பூங்காவில் வாசிப்பு இருக்கையைத் திறந்துவைக்க நடந்தே போனார். முதுகில் 'குப்பைத் தொட்டி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பின்னால் நடந்த அத்தனை பேரும் அதைப் படித்தார்கள். படித்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள். அதனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சொல்வது தன்னைவிட மூத்த ஊழியரின் கடமை என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். மூத்த ஊழியர்களோ ஓய்வு பெறும் வயதில் எதற்கு வம்பு என்று நினைத்தார்கள். பின்னாலிருந்து யாரோ எடுத்த படம், 'தலைவரோடு ஒரு மாலை நடை' என்ற தலைப்போடு சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பக்தவத்சலம் கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார்.

ராத்திரி அவருடைய டிரைவர்தான் அதை முதுகிலிருந்து உரித்து அவர் கையில் கொடுத்தது. அந்த வூட்டுக் கொயந்த ஒட்டிச்சி போல, என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டான்.

மறுநாள் காலை ஆபீஸுக்கு வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். பக்தவத்சலத்தின் அறைக் கதவில், பித்தளைப் பெயர்ப் பலகைக்கு நேர் கீழே, அந்த அட்டை ஒட்டப்பட்டிருந்தது. மேலே அவர் பெயர், பட்டங்கள், பதவி. கீழே, குப்பைத் தொட்டி. ஒட்டியவர் அவரேதான், ஓரத்தில் புதுப் பசை நாடா கூடப் போட்டிருந்தார்.

அந்தப் பிரிவு முழுக்க வேலை நின்றது. இது மௌன எதிர்ப்பு என்று ஒரு கட்சி. சம்பந்தப்பட்டவன் தானே வந்து காலில் விழும்வரை எடுக்க மாட்டார் என்று இன்னொரு கட்சி. கதவைத் தட்டும் ஒவ்வொருவனும் அந்தச் சொல்லின் மேல் தட்ட வேண்டியிருப்பது உளவியல் போர் என்றான் சுப்பிரமணி. மத்தியானம், சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் அந்த அட்டை விஷயமாகச் செல்வராஜிடம் தலைவர் ஒரு கேள்வி கேட்கவிருக்கிறார் என்ற செய்தியும் வந்தது.

செல்வராஜ் மாட்டிக்கொண்டான். விஷயம் இருதலைக் கொள்ளி. அனுவுக்குப் படிக்கத் தெரியும் என்றால் அவள் மேதை. மேதை ஒருத்தி வந்த விருந்தாளியை ஏற இறங்கப் பார்த்து, வீட்டிலிருந்த அட்டைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இவருக்கு இதுதான் பொருத்தம் என்று தேர்ந்தெடுத்து ஒட்டியிருக்கிறாள். பதவி உயர்வு கடலில் போகும். படிக்கத் தெரியாது என்றால் குற்றம் கிடையாது, குழந்தை கைக்கு அகப்பட்டதை ஒட்டிவிட்டது. ஆனால் இத்தனை நாள் அவன் அளந்ததெல்லாம் பொய்யாகிவிடும்.

சுப்பிரமணி வீடு தேடி வந்து வழி சொன்னான். குழந்தைக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதும். மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக அவன் சொன்னபோது, பரிசை ஷ்யாமுக்கு எந்த அலமாரியில் வைப்பது என்று அவன் கண் யோசித்துக்கொண்டிருந்தது. செல்வராஜ் சரி என்று தலையாட்டினான்.

ஹரிப்ரியா அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள்.

"ஏங்க, உங்களுக்கு நேர்காணல்னா புள்ளைய முட்டாள்னு ஊரைக் கூட்டிச் சொல்லிடுவீங்களா?"

முட்டாள் என்று யார் சொன்னது, படிக்கத் தெரியாது என்றுதானே சொல்லப்போகிறேன், உண்மையும் அதுதானே என்றான் செல்வராஜ்.

"உண்மையா? உண்மை பேசறதுன்னா முந்தியே பேசியிருக்கணும். கேன்டீன்ல மேதை, கூட்டத்துல மக்கா? அவளே ஒட்டிட்டுத் தைரியமா உக்காந்திருக்கா. நீங்க எதுக்கு நடுங்குறீங்க?"

சனிக்கிழமை காலை கூட்டத்துக்குக் கிளம்பும் முன் செல்வராஜ் கூடத்தில் நின்று ஒத்திகை பார்த்தான். அனு தரையில் தன் எருமைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். செங்கல்பட்டுப் புத்தகக் கண்காட்சியில் ஹரிப்ரியா வாங்கியது. குளத்தில் இறங்கிய ஓர் எருமை யார் கூப்பிட்டாலும் கரையேற மறுக்கும் கதை. அவ்வளவு அட்டைகளுக்கும் வராத மரியாதை அந்தப் புத்தகத்துக்கு இருந்தது. அதன் ஓரங்களில் பல்குறி குறைவு. ஹெலன் தினமும் சோறு ஊட்டும்போது அதைப் படித்துக் காட்டுவாள்.

"ஐயா, என் மகள் அனுவுக்குப் படிக்கத் தெரியாது" என்றான் செல்வராஜ் ஜன்னலைப் பார்த்து.

"தெதியும்" என்றது தரையிலிருந்து ஒரு குரல்.

அவன் திரும்பிப் பார்த்தான். அனு தலையைத் தூக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். "ஐயா, குழந்தைக்கு எழுத்து எதுவும்…"

"தெதியும்."

சமையலறையிலிருந்து ஹெலன் எட்டிப் பார்த்தாள். "இன்னா சார் நீ, அது எதிர்லயே அதுக்குத் தெரியாதுன்னு சொல்லிகினு கீறே? கொயந்தைக்குக் காது கீது சார்."

செல்வராஜ் தரையில் உட்கார்ந்தான். அனு அவனைச் சட்டை செய்யாமல் விரலை வரியின் அடியில் வைத்து, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். "எம்ம வந்துச்சி. தண்ணில குந்திச்சி. எம்ம வா. எம்ம வோணா சொல்ச்சி." புத்தகத்தில் இருந்தது 'எருமை குளத்தில் இறங்கியது' என்பது. பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த பக்கத்தில் விரல் ஓடியது, எருமை மறுபடி வோணா என்றது. அதற்கடுத்த பக்கம் முழுக்கப் படம் மட்டும்தான், மழை பெய்துகொண்டிருந்தது. அங்கே அனு வாயை மூடிக்கொண்டாள். விரலும் இறங்கவில்லை.

"ஏன் நிறுத்திட்ட? படி" என்றான் செல்வராஜ்.

அனு அவனை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை. வெறும் மழையைத் தட்டிக் காட்டினாள்.

"எய்த்து இல்ல."

செல்வராஜ் குனிந்து பக்கத்தைப் பார்த்தான். வாசிப்பு என்பது படத்தில் இல்லை, அந்தக் கறுப்புக் கோடுகளில்தான் இருக்கிறது என்பது இவளுக்கு எப்போது தெரிந்தது? யார் சாட்சி? எந்த அட்டையும் இதைச் சொல்லித் தரவில்லை. ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் எழுத்து எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது துல்லியமாகத் தெரியும். வரைபடத்தில் இதற்குக் கட்டம் கிடையாது. அவள் அதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள், எருமை இன்னும் தண்ணீரில்தான் இருந்தது.

"எம்ம வோணா சொல்ச்சி" என்று படித்தாள் அனு.

"சரிதான்" என்று எழுந்தான் செல்வராஜ். வேட்டியை மடித்துக் கட்டினான். வேட்டி கட்டிப் பழக்கமில்லை. மன்னிப்புக் கேட்பதற்காகக் கட்டியது.

சங்கக் கூடத்தில் மின்விசிறிகள் கடகடவென்று ஓடின. நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன, சாதாரணமாக நிறைவதில்லை. பக்தவத்சலம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால், கதவிலிருந்து பத்திரமாகக் கழற்றிக் கொண்டுவந்த அந்த அட்டை, எழுத்து மேலே தெரியும்படி இருந்தது. முன்வரிசை முழுக்க அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டது.

"செல்வராஜ்" என்றார் அவர். "ஒரே ஒரு கேள்வி. நாலு நாளா மனசுல வச்சிருக்கேன். இந்தக் குழந்தை இதைப் படிச்சு, தெரிஞ்சு, எனக்குன்னு எடுத்து ஒட்டினாளா? இல்ல, சும்மா கைக்குக் கிடைச்சதை ஒட்டினாளா?"

சுப்பிரமணி பின்னாலிருந்து செல்வராஜின் வேட்டியை இழுத்தான். தெரியாதுன்னு சொல்லுப்பா என்று கிசுகிசுத்தான். செல்வராஜ் வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான்.

"தெரிஞ்சுதான் சார் ஒட்டினா."

பக்தவத்சலத்தின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். எத்தனையோ பட்டங்கள் வாங்கியிருப்பதாகவும், எல்லாம் பெரியவர்கள் ஏதோ எதிர்பார்த்துக் கொடுத்தவை என்றும், ஒரு மழலை தன்னைப் பார்த்த மாத்திரத்தில் அறிந்து, தன் பிஞ்சுக் கையால் சூட்டிய இதற்கு எதுவும் ஈடாகாது என்றும் சொன்னார். அதனால்தான் பெயருக்குக் கீழேயே வைத்துக்கொண்டாராம். ஓய்வு பெற்றுப் போகும்போது வீட்டுக்கும் எடுத்துப் போவாராம். குழந்தைகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று முடித்தார்.

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கைதட்டலாமா என்று சிலர் உள்ளங்கைகளைப் பக்கத்தில் கொண்டுவந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். இவ்வளவு நுட்பமாக ஒரு மனிதன் பழி வாங்கி யாரும் பார்த்ததில்லை.

செல்வராஜுக்கோ உடம்பெல்லாம் முறுக்கேறி நின்றது. சண்டைக்கு வந்தவனை மாலை போட்டு நிறுத்தினால் அவன் எங்கே போவான்? இது கேலி, தன்னைக் கெஞ்ச வைக்கும் தந்திரம் என்றே எடுத்துக்கொண்டான். வந்தது வரட்டும், நேர்காணல் கடலில் போகட்டும்.

"சார், சுத்தி வளைக்க வேண்டாம்" என்றான். "குப்பைத் தொட்டின்னு படிச்சுட்டுத்தான் உங்க முதுகுல ஒட்டினா. என் மகளுக்கு எழுத்து எங்க இருக்குன்னு தெரியும். நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

பக்தவத்சலத்தின் கை நெஞ்சிலேயே நின்றது.

"என்னன்னு படிச்சுட்டு?"

"குப்பைத் தொட்டி."

அவர் அட்டையைக் கையில் எடுத்தார். முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு சுப்பிரமணியைப் பார்த்தார். சுப்பிரமணி தன் செல்போனில் மிக அவசரமான எதையோ தேடத் தொடங்கினான். முன்வரிசை தன் கால் விரல்களைப் பார்த்தது. கூடத்தில் ஒருவருக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

தாய்மொழி வாசிப்பு இயக்கத்தின் தலைவர் பக்தவத்சலத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.